தாகமும் வயலும்

யாழ்ப்பாணத் தீவகத்துச் சரவணைக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. சுண்ணக்கல் நிலம், மாரி மழைதான் முதல். நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் அடியிலுள்ள உவர் ஏறக்குறைய 40 அடி மேலே வரும் என்பது நீரியல் கணக்கு. கோடையில் மோட்டரை அதிக நேரம் ஓடவிட்டால் தேநீரே கரிக்கும். ஆகவே குழாய்த் தண்ணீர் கேட்கும் தீவகத்தாரின் குரலில் பொய்யில்லை.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர, ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு 2010 அளவில் திட்டம் போட்டார்கள். சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாதபோது எப்படித் தருவது என்று கிளிநொச்சி விவசாயிகள் கேட்டார்கள். அதிலும் பொய்யில்லை. அதனால் நீர் வழங்கல் சபை கடல் பக்கம் திரும்பியது. கடல்நீரை நன்னீராக்கி நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரும் தாளையடி நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கடலுக்குத் திருப்பி விடும் உப்புச் செறிந்த நீர் மீன்வளத்தை என்ன செய்யுமோ என்ற கவலை அங்கே கடற்றொழிலாளருக்கு. மின்சாரச் செலவு வேறு.

ஒருவர் வயலைக் காயவிட்டு இன்னொருவர் தாகம் தீர்க்காததை நான் மனமார மெச்சுகிறேன். என்றாலும் குளத்துப் பேச்சை அத்தோடு மூடிவிடக் கூடாது. எத்தனை அடி நீர் நின்றால் வயலுக்கு எவ்வளவு, குடிக்க எவ்வளவு என்பதை இரு தரப்பும் மழைக்கு முன்பே எழுதிக் கையொப்பமிட வேண்டும். மாரி பொய்த்த பிறகு கூடும் கூட்டத்தில் அந்தப் பேச்சு எடுபடாது.