ஆண்டவனிடம் ஒரு கணக்கு

1974இல் ஜப்பானில் கக்குவான் இருமல் கண்டவர்கள் 393 பேர். ஒருவர்கூடச் சாகவில்லை. 1979இல் 13,000 பேருக்கு மேல் கண்டது. 41 பேர் செத்தார்கள். நோயும் சாவும் ஆண்டவன் விதித்தபடி என்பவர்கள் சொல்லட்டும்: ஐந்தே ஆண்டில் ஜப்பான் பிள்ளைகள்மேல் அவனுக்கு அப்படி என்ன கோபம்?

நடந்தது வேறு. தடுப்பூசி போட்டபின் இரண்டு குழந்தைகள் இறக்கவே, பீதி கிளம்பியது. 1975இல் அரசு ஊசியை நிறுத்திவைத்தது; மறுபடி தொடங்கியும் பெற்றோர் வரவில்லை. அடுத்த ஆண்டு ஊசி போட்டுக்கொண்ட கைக்குழந்தைகள் பத்தில் ஒன்றுதான். கிருமிக்கு அது போதும்.

போர்டெடெல்லா பெர்ட்டுசிஸ் என்ற அந்தக் கிருமியை 1906லேயே பிரஸ்ஸல்ஸில் போர்தே, ழாங்கூ என்ற இருவர் வளர்த்துக் காட்டிவிட்டார்கள். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களில் அது ஒட்டிக்கொண்டு நஞ்சைக் கக்குகிறது. பிள்ளை மூச்சுவிட இடமில்லாமல் இருமுகிறது. முகம் நீலம் பாய்கிறது. கடைசியில் 'ஊப்' என்று காற்றை இழுத்து, குடித்த பாலைக் கக்குகிறது. பிறந்து சில வாரமே ஆன சிசுவுக்கு இருமக்கூடத் தெம்பிருக்காது, மூச்சு நின்றுபோகும். இவ்வளவும் தெரிந்த பிறகும் தோஷம் என்று தாயத்துக் கட்டுகிறோம். தெருவில் கழுதை ஓட்டி வருபவரிடம் ஒரு சங்கு பால் வாங்கிப் புகட்டுகிறோம்.

ஊசியைச் சந்தேகிப்பது குற்றமா? இல்லை. பழைய ஊசியால் காய்ச்சலும் வீக்கமும் வந்தது உண்மை. யூஜி சாட்டோ என்ற ஜப்பான் விஞ்ஞானியும் குழுவினரும் அந்தச் சந்தேகத்தை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனார்கள். முழுக் கிருமிக்குப் பதில் அதன் தேவையான புரதங்களை மட்டும் பிரித்துப் புது ஊசி செய்தார்கள், 1981 முதல் ஜப்பான் அதைப் போட்டது, நோய் தணிந்தது. நம் சந்தேகமோ வாட்ஸ்அப் ஃபார்வர்டோடு படுத்துவிடுகிறது.

"என் பிள்ளை, என் விருப்பம்" என்கிறீர்கள். நம் நாட்டில் முதல் ஊசி ஆறாவது வாரத்தில்தான். அதுவரை சிசுவைக் காப்பது, கர்ப்பத்தில் தாய் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் அதுவும், சுற்றியிருப்பவர்களுக்கு நோய் இல்லாமையும்தான். சிசுவுக்குப் பெரும்பாலும் நோயைக் கொடுப்பது கொஞ்சித் தூக்கும் வீட்டார்தான். பெரியவர்களுக்கு அது வாரக்கணக்கில் விடாத வெறும் இருமல். ஊசி வேண்டாம் என்பது உங்கள் விருப்பம். மூச்சு நிற்பது பக்கத்து வீட்டுத் தொட்டிலில்.

விதியைக் காட்டிவிட்டால் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. அதனால்தான் அது நமக்கு இவ்வளவு பிடிக்கிறது. அடுத்த முறை சிசுவுக்கு விபூதி பூசும் முன், வீட்டில் இருமிக்கொண்டிருப்பது யார், எந்தப் பிள்ளைக்கு ஊசி விட்டுப்போனது என்று விசாரியுங்கள்.