வழி தவறிய விலங்கும் அதன் அடையாளமும்

வளர்ப்பு விலங்கு ஒன்று வழி தவறித் திரியும்போது, அதைக் கண்டவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்னும் கேள்வியைச் சமயச் சட்டங்கள் மிகப் பழங்காலத்திலேயே எதிர்கொண்டன. விலங்கு ஓர் உடைமை, உடைமை உரியவரிடம் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டால் விடை முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் தெருவில் விழுந்த பணப்பைக்குப் பசிப்பதில்லை, இரவில் அது நடுங்குவதுமில்லை. தொலைந்த நாயோ தன்னை இழந்தவரைத் தானும் இழந்து நிற்கிறது. உடைமை என்ற ஒரே சொல்லால் இவ்விரண்டையும் குறித்த சட்டங்களுக்கும்கூட, விலங்கைப் பற்றிப் பேசும் இடங்களில் அச்சொல்லின் எல்லையைத் தாண்டிச் செல்ல நேர்ந்திருக்கிறது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

பகைவனுடைய மாடோ கழுதையோ வழி தவறிப் போவதைக் கண்டால் அதை அவனிடமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று விவிலிய நூலாகிய யாத்திராகமத்தின் 23ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. உரியவன் தொலைவில் இருந்தாலோ இன்னான் என்று தெரியாவிட்டாலோ, அவன் தேடி வரும்வரை விலங்கைத் தன் வீட்டிலேயே வைத்துக் காக்க வேண்டும் என்று உபாகமத்தின் 22ஆம் அதிகாரம் சேர்த்துச் சொல்கிறது. இவ்விரு கட்டளைகளையும் விரித்துரைக்கும் பணியை, கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவும், அதன்மேல் எழுந்த பெரும் விவாத நூலாகிய தல்மூதும் செய்தன. தல்மூதில் பாவா மெத்சியா என்னும் பகுதியின் இரண்டாம் அதிகாரம் முழுவதும் கண்டெடுத்த பொருள்களைப் பற்றியதே.

தொலைந்தது என்றால் என்ன என்று அவ்வதிகாரம் கேட்பது வீண் நுணுக்கமன்று. வழியோரம் மேய்ந்துகொண்டிருக்கும் பசுவோ கழுதையோ தொலைந்ததாகாது. அது தன் பாட்டில் இருக்கிறது, அதைப் பிடித்துச் செல்வது உதவியாகாது. சேணம் புரண்டு தொங்கும் கழுதையும், திராட்சைத் தோட்டங்களுக்கிடையே தறிகெட்டு ஓடும் பசுவுமே தொலைந்தவை. விலங்கு நிற்கும் இடத்தைவிட அது இருக்கும் நிலையே இங்கு அளவுகோலாகிறது. திரும்பக் கொண்டுபோய் விட்ட விலங்கு மறுபடியும் ஓடிவிட்டால் மறுபடியும் சேர்க்க வேண்டும், நான்கைந்து முறை ஓடினாலும் கடமை தீராது என்று மிஷ்னா சொல்லும்போது, ஓடுவது விலங்கின் இயல்பு என்பதை அது பொறுமையோடு ஏற்றுக்கொள்கிறது. வேலி தாண்டும் நாயை மூன்றாம் முறையும் பிடித்துக் கொண்டுவந்து விடும் பக்கத்து வீட்டுக்காரர் அறிந்த பொறுமை அது.

உரியவர் யார் என்பதை நிறுவும் வழிக்கு எபிரேயத்தில் சிமானீம் என்று பெயர். ஒரு பொருளை அதுபோன்ற பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்கள் என்று அதற்குப் பொருள். கண்டெடுத்தவர் பொருளை மட்டும் அறிவிப்பார், உரிமை கோரி வருபவர் அடையாளங்களைச் சொல்ல வேண்டும். சொல்லாதவருக்குக் கொடுப்பதில்லை, ஏமாற்றுக்காரர் என்று அறியப்பட்டவர் சரியாகச் சொன்னாலும் கொடுப்பதில்லை. எருசலேமில் இதற்கென்றே ஒரு கல் இருந்ததாகவும், கண்டெடுத்தவர்களும் இழந்தவர்களும் அங்கே கூடி, ஒருவர் அறிவிக்க மற்றவர் அடையாளம் சொல்லிப் பெற்றுச் சென்றதாகவும் தல்மூது நினைவுகூர்கிறது. இன்றும் கண்டெடுத்த நாயைப் பற்றி அறிவிப்பு ஒட்டுபவர்களுக்கு, ஓர் அடையாளத்தையாவது வெளியிடாமல் வைத்துக்கொண்டு, வருபவரிடம் அதைக் கேட்க வேண்டும் என்று சொல்லப்படுகிறது. பின்னங்கால் விரல்களில் ஒன்று மட்டும் வெள்ளையாக இருப்பதையோ, அடிவயிற்றில் மயிர் மறைத்த பழைய தழும்பையோ படத்தைப் பார்த்தவர் சொல்ல முடியாது. குளிப்பாட்டித் துவட்டிய கைதான் சொல்லும். அடையாளம் என்பது உரிமைச் சான்றாகத் தொடங்கி, எவ்வளவு நெருங்கி வாழ்ந்தார்கள் என்பதற்கான சான்றாக முடிகிறது.

இதைவிட ஆழமான ஒன்றும் அங்கே உண்டு. அடையாளம் எதுவும் சொல்ல இயலாமல், பார்த்த மாத்திரத்தில் இது என்னுடையது என்று அறிவதைக் கண்ணின் பழக்கம் என்று தல்மூது வழங்குகிறது. பொய் சொல்லாதவர் என்று நம்பத்தக்க அறிஞருக்கு மட்டும் இவ்வகை அறிதலின் பேரில் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பது விதி. அவ்வறிதலின் உண்மையைச் சட்டம் ஐயுறவில்லை, அதைச் சொல்லும் நாவைத்தான் ஐயுற்றது. அப்படியானால், உரியவரைக் கண்டதும் உடல் முழுவதும் குலுங்க வாலாட்டிக் காலடியில் புரளும் நாயின் அறிதலுக்கு என்ன மதிப்பு? அதன் கண்ணுக்கும் மூக்குக்கும் பழக்கம் உண்டு, பொய் சொல்லும் நாவோ அதற்கு இல்லை. உரிமை கோருபவரை விலங்கு அறிந்துகொள்கிறதா என்பதும் கேட்கப்பட வேண்டிய சாட்சியமே. அதைக் கேட்காமல் விட்டது பழஞ்சட்டத்தின் குறை என்றே சொல்ல வேண்டும்.

அக்குறை யேயூஷ் என்னும் கருத்தில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பொருளை இழந்தவர் இனி அது கிடைக்காது என்று மனம் கைவிடுவதே யேயூஷ். அதற்குப்பின் கண்டெடுக்கப்படும் பொருள் கண்டெடுத்தவருக்கே உரியதாகிவிடும். குடைக்கும் நாணயத்துக்கும் இது நியாயமே. ஆனால் விலங்கு கைவிடுவதில்லை. தேடுவதை வீட்டார் நிறுத்திய பின்னும் அது தேடிக்கொண்டிருக்கலாம். அந்நிலையில் உறவு முடிந்தது என்று ஒரு தரப்பின் மனநிலையை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது.

இஸ்லாமியச் சட்டம் கண்டெடுத்த பொருளை லுகதா என்று அழைக்கிறது. அதை ஓராண்டுக் காலம் அறிவிக்க வேண்டும் என்பது நபிமொழி ஒன்று வகுக்கும் பொதுவிதி. அதே நபிமொழியில் தொலைந்த ஆட்டைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, எடுக்காவிட்டால் அது ஓநாய்க்கு இரையாகும் என்னும் கருத்தில் நபிகள் நாயகம் விடையளித்தார். ஒட்டகத்தைப் பற்றிக் கேட்கப்பட்டபோதோ முகம் சிவக்கச் சினந்து, தண்ணீரைச் சுமக்கும் உடலும் நடக்கும் பாதமும் அதற்கு உண்டு, உரியவர் காணும்வரை அதை விட்டுவிட வேண்டும் என்றார். இங்கே தீர்ப்பு உடையவரிடமிருந்து தொடங்கவில்லை. இந்த விலங்கால் தனித்து வாழ முடியுமா என்பதிலிருந்து தொடங்குகிறது. பிற்காலத்தில் கலீஃபா உஸ்மான் ஆட்சியில், வழிதவறிய ஒட்டகங்களைப் பிடித்து அறிவித்து, விற்று, விலையை உரியவருக்காக வைத்திருக்கும் முறை வந்ததென்று இமாம் மாலிக்கின் முவத்தா பதிவுசெய்கிறது.

இக்காலத்தின் அடையாளம் தோலுக்கடியில் இருக்கிறது. அரிசிமணி அளவுள்ள கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்த மைக்ரோசிப்பைத் தோள்பட்டைகளுக்கிடையே ஊசியால் செலுத்துகிறார்கள். அதில் மின்கலம் இல்லை. ஸ்கேனர் என்னும் படிகருவியை முதுகின்மேல் மெல்ல நகர்த்தும்போது, அது அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே ஆற்றல் பெற்று, பதினைந்து இலக்க எண் ஒன்றைத் திருப்பிச் சொல்லும். விலங்கு எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. உரியவரின் பெயரும் அதில் இல்லை. எண்ணுக்குரிய பெயரும் தொலைபேசியும் பதிவேட்டில்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் 53 காப்பகங்களில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்றில், சிப் பொருத்திய நாய்களில் ஏறத்தாழ 52 விழுக்காடு வீடு திரும்பின. வழிதவறி வந்த எல்லா நாய்களையும் சேர்த்துப் பார்த்தால் திரும்பியவை 22 விழுக்காடே. பூனைகளில் இவ்விகிதங்கள் முறையே ஏறத்தாழ 38உம் 2உம் ஆகும். சிப் இருந்தும் உரியவர் கிடைக்காமற்போனதற்குப் பெருங்காரணம், பதிவேட்டில் இருந்த தொலைபேசி எண் தவறாகவோ துண்டிக்கப்பட்டதாகவோ இருந்ததே. எண்ணை மாற்றியவர் பதிவேட்டைத் திருத்த மறக்கிறார். உடம்பில் எழுதிய அடையாளம் ஊமையாகிவிடுகிறது. விலங்கு தன் பங்கைச் சுமந்து நிற்க, மனிதரின் பங்கு மட்டும் குறைபடுவதைக் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துவிட இயலாது. அது வாக்குத் தவறுதலுக்கு நிகரானது.

உரியவரே இல்லாத விலங்கு வரும்போது இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கழுத்துப்பட்டை இல்லாத நாய் என்றாலே தொலைந்த நாய் என்று கொள்ளும் நாடுகள் உண்டு. இந்தியத் தெருக்களில் அப்படிக் கொள்வது, மேய்ந்துகொண்டிருக்கும் பசுவைத் தொலைந்ததாக எண்ணும் பிழையே. விலங்குகளின் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 2001இல் வந்தபோதும், 2023இல் புதிதாக எழுதப்பட்டபோதும், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்னும் நெறி அவற்றில் நிலைத்தது. அடையாளமாகக் காதின் ஓரத்தில் சிறு வெட்டு ஒன்று விழுகிறது. உரிமை கோரி வருபவர் எவரும் அங்கில்லை, அடையாளம் சொல்லிப் பெற்றுச் செல்பவரும் இல்லை; ஆயினும் திருப்பிச் சேர்க்கும் கடமை நிற்கிறது. அது யாருக்குச் செலுத்தப்படுகிறது என்று கேட்டால், வண்டியின் கூண்டு திறந்ததும் கீழே குதித்து, மின்கம்பத்தை ஒருமுறை முகர்ந்து, டீக்கடைப் பெஞ்சின் அடியில் தான் வழக்கமாகப் படுக்கும் இடத்தை நோக்கி நேராக நடந்துபோகும் அந்த நாயைத் தவிர வேறு எவரையும் காட்ட முடியாது.