வாய் திறவாத பொய்

பொய் சொல்வது தவறு என்பதை நாம் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். குழந்தைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் வாயையே திறக்காமல் ஒருவரை ஏமாற்றினால் அது பொய்யா, இல்லையா என்று கேட்டால், நம்மில் பலர் சற்றுத் தயங்கிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். இதற்கு எனக்குக் கிடைத்த உதாரணம் புராணத்திலிருந்து வந்ததல்ல. ஒரு பழைய வேனின் வயிற்றிலிருந்து வந்தது.

எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் ஒரு மாருதி ஆம்னி வேன் இருந்தது. 1984-இல் வரத் தொடங்கி 2019-இல் தயாரிப்பு நின்றுபோன அந்தப் பெட்டி வண்டியை வாசகர்கள் அறிவார்கள். பள்ளிக் குழந்தைகள், பால் கேன், கல்யாண வீட்டுக் காய்கறி என்று எதை ஏற்றினாலும் முகம் சுளிக்காமல், தன் சின்னஞ்சிறு மூன்று சிலிண்டர் என்ஜினை முன் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு ஓடும். அண்ணாச்சியின் வேனில் ஒரு குறை கண்டது. காலையில் கிளப்பினால் எல்லாம் சரியாக இருக்கும். மத்தியானம் என்ஜின் நன்றாகச் சூடேறி, சிக்னலில் வண்டி நிற்கும்போது மட்டும் ஆயில் விளக்கு கண் சிமிட்டும். வேகம் எடுத்தால் அணைந்துவிடும்.

ஆயில் பம்பை என்ஜினின் இருதயம் என்பார்கள். உவமை பழசுதான், ஆனாலும் பொருத்தமானது. கிராங்க் தண்டின் முன் முனையில், ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் இரண்டு பல்சக்கரங்கள். அவை அடித்தொட்டியில் கிடக்கும் ஆயிலைச் சல்லடைக் குழாய் வழியாக உறிஞ்சி, பில்டருக்குள் செலுத்தி, பேரிங்குகளுக்கும் கேம் தண்டுக்கும் அனுப்புகின்றன. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே மயிரிழையைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நிற்கிறது. அது போனால் என்ஜின் போயிற்று. வேளாவேளைக்கு ஆயில் மாற்றாவிட்டால் அது கறுத்துச் சேறாகிச் சல்லடையை அடைக்கும். அதிலுள்ள பொடி பற்களைத் தேய்க்கும். தேய்ந்த பம்பு காலையில் கெட்டியாக இருக்கும் ஆயிலை எப்படியோ தள்ளிவிடும். சூட்டில் ஆயில் நீர்த்துப்போனதும் அதனால் முடிவதில்லை. இத்தனை துன்பத்தையும் வெளியே சொல்ல அதற்கு இருப்பது ஒரே ஒரு சிவப்பு விளக்கு. வேறு வாய் கிடையாது.

மெக்கானிக் இளைஞன், நல்ல வேலைக்காரன். விளக்கை மட்டும் நம்பாமல், அதற்குச் செய்தி சொல்லும் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மீட்டரை மாட்டிப் பார்த்தான். அடித்தொட்டியை இறக்கிப் பேரிங்குகளையும் பார்த்தான். பேரிங் தேய்ந்திருந்தாலும் இதே விளக்குத்தான் எரியும். அப்போது புதுப் பம்பு போட்டும் பயனில்லை.

"பேரிங்கு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. பம்புதான் போச்சு. மாத்திடுங்க" என்றான்.

அண்ணாச்சிக்கோ வண்டியையே விற்றுவிடும் எண்ணம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், பள்ளிக்கூடச் சவாரி ஓட்டுவதற்காகக் கேட்டிருந்தார். கூட வந்த தரகர் சிரித்தார். "விக்கிற வண்டிக்கு எதுக்குய்யா பம்பு? ரெண்டு டப்பா கெட்டி ஆயிலா ஊத்து. லைட்டு அணைஞ்சுரும். வர்றவர் நாலு தெரு ஓட்டிப் பார்ப்பார், பணத்தைக் கொடுத்துட்டுப் போவார்" என்றார். உண்மைதான். கெட்டி ஆயில் தேய்ந்த பற்களின் இடைவெளியில் சுலபமாக நழுவாது. சில காலம் அழுத்தம் இருப்பதுபோலக் காட்டும்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "நான் பொய் ஒண்ணும் சொல்லலையே சார்? அவர் கேக்கலை, நான் சொல்லலை."

இதே வாதம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. ரோமாபுரிச் சிசரோ கி.மு. 44-இல் தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒருவன் வீடு விற்கிறான். படுக்கையறைகளில் பாம்பு வருவதும், மரம் உளுத்திருப்பதும் அவனுக்கு மட்டுமே தெரியும். டயோஜனிஸ் என்ற தத்துவ ஞானி, 'வாங்கு என்று யார் கட்டாயப்படுத்தினார்கள்?' என்ற கட்சி. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டரோ, வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் விடுவதைவிட இது மோசம் என்ற கட்சி. சிசரோ மாணவர் பக்கம் சேர்ந்தார்.

நம் சட்டம் டயோஜனிஸுக்கும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பதினேழாவது பிரிவில் ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவன் வாய் பேசாமல் இருந்தால், அது மட்டும் மோசடி ஆகாது. வாங்குகிறவள் அவனுடைய மகளாக, அப்போதுதான் மேஜரானவளாக இருந்தால், அவன் சொல்லியே தீரவேண்டும். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. மகளுக்குச் சொல்லவேண்டிய உண்மையை ஊரான் வீட்டு மகளுக்குச் சொல்லவேண்டாமா? ஆனால் அதே பிரிவு, தெரிந்த குறையை முயன்று மூடி மறைப்பது மோசடி என்றும் சொல்கிறது. கெட்டி ஆயில் இங்கேதான் அகப்பட்டுக்கொள்கிறது.

பழைய சாமான் வாங்குகிறவன் சந்தேகத்தோடுதான் வருகிறான். விலையிலும் அந்தச் சந்தேகத்தைக் கழித்துக்கொள்கிறான். கதவு இழுபடுகிறது, சீட்டு கிழிந்திருக்கிறது என்று விற்பவர் பட்டியல் படிக்கவேண்டியதில்லை, கண்ணுள்ளவன் பார்த்துக்கொள்ளட்டும். இவ்வளவையும் நான் தரகருக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் இந்த வேன் மௌனமாக இல்லையே! அது தன் குறையைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது. சிக்னலுக்குச் சிக்னல் விளக்கேற்றிச் சொன்னது. அண்ணாச்சி செய்ய இருந்தது சும்மா இருப்பதல்ல. பேசிக்கொண்டிருந்த ஒன்றின் வாயைப் பொத்துவது. நாளைக்கு ஏழெட்டுக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகையில் என்ஜின் இறுகி நடுரோட்டில் வண்டி நின்றால், பின்னால் வரும் லாரிக்காரனுக்கு 'அவர் கேட்கவில்லை' என்ற நியாயம் தெரியுமா?

இதை இவ்வளவு நீட்டி நான் அங்கே சொல்லவில்லை. "மெக்கானிக் தம்பியை ஊற்றச் சொல்லுகிறீர்களே, அவனுக்கும் இதில் பங்கு உண்டா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டேன். இளைஞன் தலையைக் குனிந்துகொண்டு துணியால் கையைத் துடைத்தான். சம்பளத்துக்கு வேலை செய்கிறவனை நாம் எத்தனை சுலபமாக நம் பொய்க்குள் சேர்த்துக்கொள்கிறோம்!

அண்ணாச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மாத்திடு தம்பி" என்றார்.

பெல்ட்டையும் கப்பியையும் கழற்றினால்தான் அந்தப் பம்பைத் தொட முடியும். மறுநாள் போனபோது அடித்தொட்டியும் சல்லடையும் கழுவிக் காய்ந்துகொண்டிருந்தன. புதுப் பம்பின் பற்களுக்கு அவன் ஆயில் பூசிக்கொண்டிருந்தான். காய்ந்த பல்லோடு மாட்டினால் முதல் சுற்றிலேயே உராயுமாம். ஆயிலை உறிஞ்சவும் திணறுமாம். மாட்டி முடித்தபின் யார் கண்ணுக்கும் அந்தப் பூச்சு தெரியப்போவதில்லை.

பழைய பம்பைக் காகிதத்தில் சுற்றி வாங்க வந்தவரிடம் காட்டினார் அண்ணாச்சி. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இன்னும் என்னென்ன போயிருக்கோ!' என்று சொல்லி விலையில் ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டார். தரகர் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.