எதிரே வருபவருக்கு லைற் அடிப்பது

இரவு பதினொன்றரைக்குக் குசினியைக் கழுவித் துடைத்து, குப்பைப் பைகளை வெளியே வைத்துவிட்டு, நாம் நான்கு பேர் ஒரே காரில் வீடு திரும்புவது வழக்கம். பேர்ண் நகரத்துக்கு வெளியே, வயல்களுக்கும் காட்டுத் துண்டுகளுக்கும் நடுவே போகும் வீதி அது. அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 80 கிலோமீற்றர். போன மாரியில் ஓரிரவு எதிரே வந்த கார் ஒன்று இரண்டு தரம் லைற்றை அடித்துக் காட்டிவிட்டுப் போனது. எமது நண்பர் உடனே காலை எடுத்தார். 95ல் நின்ற முள் 80க்கு இறங்கியது. அடுத்த வளைவில் பற்றையோரமாக ராடார்ப் பெட்டி ஒன்று குந்தியிருந்தது. அதைக் கடந்ததும் நண்பர் சொன்னார்: "ஆரோ நல்ல மனுசன். இந்த நாட்டிலையும் இருக்கினம்."

பின்னால் இருந்தவர்கள் ஆமோதித்தார்கள். நாமும் ஆமோதித்தோம். முள் மறுபடியும் 95க்கு ஏறியதை ஒருவரும் பேசவில்லை.

"நல்ல மனுசன்" என்ற அந்தச் சொல் அன்றிரவு எம்மை நித்திரை கொள்ளவிடவில்லை. ஏனென்றால் அதே சொல்லை நாம் வேறொரு வீதியிலும் சொல்லியிருக்கிறோம்.

2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டு யாழ்ப்பாணக் குடாநாடு தனித்துப்போனது. அடுத்த இரண்டு மூன்று வருடங்கள் ஊரடங்கும் சுற்றிவளைப்புமாகக் கழிந்தன. பின்னாளில் பாதியில் விட்டுவிட்டு வந்த படிப்புக்காக நாம் சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. எதிரே சைக்கிளில் வரும் முன்பின் தெரியாத ஒருவர், நிற்காமல், தலையைத் திருப்பாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லுவார்: "தம்பி, முன்னுக்கு ரவுண்டப். ஒழுங்கைக்காலை திரும்பும்." அவ்வளவுதான். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. அவர் சொன்னதை யாராவது கண்டிருந்தால் அவருக்கு என்ன நடந்திருக்கும் என்பது தெரியும். அப்படி மூன்று நான்கு பேர் சொல்லியிராவிட்டால் இன்று இதை எழுத நாம் இருந்திருப்போமா என்பதும் சந்தேகமே.

முன்னே ஆபத்து என்று எதிரே வருபவருக்குச் சொல்வது எமது சனம் அனுபவத்தால் கற்றுக்கொண்ட ஓர் அறம். அதை யாரும் எமக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கவில்லை. இங்கு வந்து, கார் ஓட்டப் பழகி, எதிரே வருபவருக்கு முதன்முதல் லைற் அடித்துக் காட்டியபோதும் அந்தப் பழைய அறத்தையே செய்வதாக நினைத்தோம். அது உண்மையில் அதுதானா?

இந்த நாட்டுச் சாரதிகளுக்கும் ராடார்ப் பெட்டிக்கும் உள்ள பகை எம்மோடு தொடங்கியதல்ல. 1985ல், புகையால் காடுகள் சாகின்றன என்ற அச்சம் பரவியிருந்தபோது, நெடுஞ்சாலைகளில் 130 ஆக இருந்த வேக எல்லை 120க்கும், ஊர்களுக்கு வெளியே 100 ஆக இருந்தது 80க்கும் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் காரோட்டிகளுக்கென்றே "ஓட்டோ கட்சி" ஒன்று தோன்றி, பின்னர் பாராளுமன்றத்துக்கும் போனது. பழைய வேகத்தைத் திருப்பித் தரும்படி கையெழுத்துச் சேர்த்தார்கள். 1989 நவம்பர் 26ம் திகதி சனத்திடம் கேட்கப்பட்டது. 62 வீதமானோர் வேண்டாம் என்றார்கள்.

அன்றைக்கே இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது: சுவிஸ் நாட்டுக்கு இராணுவம் வேண்டுமா? வாக்களித்தவர்களில் மூன்றிலொரு பங்குக்கும் அதிகமானோர் வேண்டாம் என்றார்கள். கார் எவ்வளவு வேகமாக ஓடலாம், இராணுவம் இருக்கலாமா என்ற இரண்டையும் ஒரே நாளில் சனத்திடம் கேட்கலாம் என்பது எமக்கு இன்றும் வியப்பே. அந்த நவம்பரில் வடக்குக் கிழக்கில் இந்திய இராணுவம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. எமது தாய் தகப்பனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

இதனால் இங்குள்ளவர்கள் எல்லோரும் ஞானிகள் என்று சொல்லவரவில்லை. ஊர்களுக்குள் 30 கிலோமீற்றரைப் பொது விதியாக்கும் யோசனை 2001 மார்ச்சில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஏறக்குறைய 80 வீதமானோர் அதைத் தூக்கியெறிந்தார்கள். 2021ல் லவுசான் நகரம் பெரும்பாலான பிரதான வீதிகளில் இரவு நேரத்துக்கு மட்டும் 30 என்று கொண்டுவந்தது. சனம் நித்திரை கொள்வதற்காக. அந்த நேரத்தில் வீதியில் இருப்பவர்கள் யார்? எம்மைப் போன்ற குசினிக்காரரும் துப்புரவு வேலைக்காரரும்தான். அந்த விதியைத் திட்டும்போது எம்மவர் குரல் சுவிஸ்காரரின் குரலைவிடக் குறைவாக இருப்பதில்லை.

குசினியின் பின்வாசலில் சிகரெட் புகைக்கும் நேரத்தில் இந்த விவாதம் எத்தனையோ முறை நடந்திருக்கிறது. சுவிஸ் சமையற்காரர், போர்த்துக்கல் பரிமாறுபவர், நாம். சொல்லப்படுவது மூன்று விடயங்கள்தான்.

முதலாவது, இது பணம் கறக்கும் வேலை என்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. வரப்போகும் தண்டப்பணத்தை நகரங்களும் மாநிலங்களும் தமது வரவுசெலவுத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதிவைக்கின்றன. குற்றம் நடக்கும் என்று நம்பிக் கணக்கு எழுதும் அரசை யாரும் சந்தேகிக்கத்தான் செய்வார்கள். அதோடு, ஊருக்குள் ஐந்து கிலோமீற்றருக்குள் எல்லையை மீறினால் 40 பிராங். அது வங்கி முதலாளிக்கும் 40, கோப்பை கழுவுபவனுக்கும் 40. அவருக்கு அது ஒரு கோப்பிக் காசு. எமக்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலக் கூலி. பெரிய மீறல்களுக்கு மட்டும் வருமானம் பார்த்துத் தண்டம் போடுகிறார்கள். 2010ல் சென்காலன் மாநிலத்தில் ஒரு கோடீஸ்வரருக்கு மூன்று இலட்சம் பிராங் அளவில் தண்டம் விழுந்த செய்தி உலகமெங்கும் போனது. எமது குசினியில் அன்று ஒருவர் அதை வாசித்திருந்தால் கைதட்டியிருப்பார். சிறு மீறலுக்கும் அதே நீதி ஏன் இல்லை என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அது தண்டத்தின் அளவைப் பற்றிய கேள்வி. வேகம் ஓடலாமா என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

இரண்டாவது, "எனக்கு என்ரை கார் தெரியும், என்ரை கை தெரியும்" என்பது. இதற்குப் பதில் சொல்ல, பாதியில் விட்ட பௌதிகவியல் போதும். 30ல் போகும் கார், சாரதி ஆபத்தைக் கண்டு காலை வைக்க ஒரு செக்கன் எடுத்தாலும், உலர்ந்த வீதியில் 13 மீற்றரளவில் நின்றுவிடும். 50ல் போகும் கார் அந்த ஒரு செக்கனிலேயே 14 மீற்றர் ஓடிவிடும். அதாவது முதலாவது கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது காரின் பிரேக் இன்னும் பிடிக்கவே தொடங்கவில்லை. எவ்வளவு கெட்டிக்காரக் கையாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

மூன்றாவது, நாம் உளவு பார்க்கப்படுகிறோம், இது பொலிஸ் நாடு என்பது. இதைச் சொல்லும்போது சுவிஸ் சமையற்காரர் உண்மையாகவே கோபப்படுவார். நாம் பேசாமல் இருந்துவிடுவோம். இங்கே அந்தப் பெட்டியைத் "தகரப் பொலிஸ்" என்று பரிகாசமாகச் சொல்லுவார்கள். எமக்குத் தலையாட்டியைத் தெரியும். சாக்கு மூடிய தலை ஒன்று ஆடினால் ஒரு வாழ்க்கை முடிந்தது. அது ஏன் ஆடியது என்று கேட்க இடமில்லை. தகரப் பொலிஸ் எமது பெயரைக் கேட்பதில்லை. எந்த ஊர், என்ன மொழி, அண்ணன் எங்கே என்று கேட்பதில்லை. காரின் வேகம் ஒன்றைத்தான் அளக்கிறது, அதையும் இலக்கமாக எழுதித் தபாலில் அனுப்புகிறது. அதை மறுத்து வழக்காடவும் முடியும். எமது வாழ்நாளில் எம்மை நிறத்தாலோ இனத்தாலோ எடைபோடாத முதலாவது காவலன் ஒரு தகரப் பெட்டிதான் என்றால், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இவ்வளவும் யோசித்து முடித்த பிறகும் நாம் லைற் அடிப்பதை நிறுத்தவில்லை. பழக்கம் அப்படி.

நிறுத்தியது வேறொரு நாளில். வேலை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானத்துக்குச் சற்று முன், கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். நாம் இருக்கும் கிராமத்தின் வீதியில், வேலியோரமாகப் பெட்டி வைத்திருந்தார்கள். எதிரே வந்த மூன்று கார்களுக்கு லைற் அடித்துக் காட்டினோம். மூன்றாவது காரில் இருந்தவர் கையைத் தூக்கி நன்றி சொன்னார். வீட்டுக்கு வந்து, ஏதோ பெரிய காரியம் செய்தவர்போல் மனைவிக்கு அதைச் சொன்னோம்.

அவர் கறியைக் கிளறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இஞ்சருங்கோ, பெட்டி எங்கை இருந்தது?"

"பாலத்தடியிலை."

"அந்தக் கார் பெட்டிமட்டும் மெதுவாப் போகும். பெட்டிக்கு அங்காலை?"

பெட்டிக்கு அங்காலைதான் பாலர் பாடசாலை. எமது மகளுக்கு அப்போது ஐந்து வயது. இந்த நாட்டு வழக்கப்படி, கழுத்தில் ஒளிரும் முக்கோணப் பட்டியை மாட்டிக்கொண்டு, தனியாகத்தான் நடந்து வருவாள். பாடசாலைக்குப் பொலிஸ்காரர் ஒருவர் வந்து, வீதியைக் கடக்கும் விதத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். நில், பார், கேள், நட. பொலிஸ்காரர் வந்தார் என்று அவள் சந்தோசமாகச் சொன்ன அன்று எமக்கு வயிற்றைப் பிசைந்தது. அது எமது வியாதி. அவளுக்குச் சொல்லப்பட்ட நாலு சொல்லையும் அவள் ஒழுங்காகச் செய்வாள். மிச்சத்தைச் செய்யவேண்டியது காரில் இருப்பவர். அவருக்குத்தான் நாம் லைற் அடித்திருந்தோம்.

பத்து நிமிடத்தில் அவள் வந்து சேர்ந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால்தான் இதை ஆறுதலாக இருந்து எழுதமுடிகிறது.

யாழ்ப்பாணத்து வீதியில் எம்மை எச்சரித்தவர், ஆயுதத்துக்கு முன்னால் வெறுங்கையோடு போகவிருந்த ஒருவனைக் காப்பாற்றினார். பாலத்தடியில் நாம் காப்பாற்றியது யாரை? ஒன்றரைத் தொன் இரும்பை வேகமாக ஓட்டிவந்த ஒருவரை, ஒரு தண்டத்திலிருந்து. வெறுங்கையோடு நின்றவள் முக்கோணப் பட்டி போட்ட சிறுமி. இரண்டு வீதியிலும் சைகை ஒன்றுதான். ஆனால் நாம் நிற்கும் இடம் மாறிவிட்டது. எக்காலமும் மறிக்கப்படுபவர்கள் நாமே என்று நினைத்துக்கொண்டு, எமது காலடியில் இருப்பது என்ன என்று பார்க்காமல் இருந்துவிட்டோம். அகதிக்கு இது ஏற்கக் கடினமான விடயம். ஸ்ரேரிங்கைப் பிடித்தவுடன் அகதியும் பலசாலிதான்.

இங்கு 1971ல் வீதி விபத்துகளில் 1,773 பேர் செத்தார்கள். 2024ல் 250 பேர். வேக எல்லை மட்டும் இதைச் செய்யவில்லை. ஆசனப்பட்டி, குடிபோதைச் சட்டம், நல்ல கார்கள், நல்ல வைத்தியம் எல்லாம் சேர்ந்துதான். 2013ல் சட்டங்களை இறுக்கினார்கள். வீதிச் சோதனைகளைப் பகிரங்கமாகக் காட்டிக்கொடுப்பதும் அப்போது தண்டனைக்குரியதானது. மிக மோசமான வேகத்துக்கு ஆகக்குறைந்தது ஒரு வருடச் சிறை என்றார்கள். அது கண்மூடித்தனம் என்று வாதாடி, 2023 ஒக்டோபரில் நீதிபதிகளுக்குக் கொஞ்சம் இடம் விட்டார்கள். சட்டத்தைப் பற்றி வாதாடலாம், மாற்றலாம். எஃப், பி அனுமதியோடு இருக்கும் எமக்கு அந்த வாக்கு இல்லை என்பது உண்மை. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் வாக்கு இல்லை.

இப்போது நாம் லைற் அடிப்பதில்லை. நண்பருக்கு இதைச் சொன்னபோது, "நீ சுவிஸ்காரனாய்ப் போனாய்" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். முன்னால் நிற்பது ராடார்ப் பெட்டி அல்ல, ஆட்களை மறித்துக் கடதாசி பார்க்கும் பொலிஸ் என்று வைத்துக்கொள். எதிரே வரும் காரில் வழக்கு நிராகரிக்கப்பட்ட எங்கடை பொடியன் ஒருவன் இருக்கிறான். அப்பவும் கையைக் கட்டிக்கொண்டு போவியா?

எம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. சைக்கிளில் வந்த அந்த மனிதரின் உதட்டசைவுதான் ஞாபகத்துக்கு வந்தது. இன்னும் பதில் தேடுகிறோம். ஒன்று மட்டும் தெரிகிறது. எச்சரிப்பது எப்போதும் நல்லதுமல்ல, எப்போதும் கெட்டதுமல்ல. முன்னால் நிற்பது என்ன, அதற்கு அங்காலை நடந்து வருவது யார் என்று கேட்டுவிட்டுத்தான் கை அசையவேண்டும். வீதியில் அதற்குக் கிடைப்பது ஒரு செக்கன்.