அறுநூறு எத்தனை சுழியில் முடியும்?

ஆம்பூரும் வாணியம்பாடியும் தோலுக்குப் பேர்போனவை என்றால், பக்கத்திலிருக்கும் குடியாத்தம் கைலிக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போனது. தீப்பெட்டி வியாபாரத்தில் ஒரு பண்டல் என்பது 600 பெட்டி. அந்த ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, எண் என்பது வேறு, அதை எழுதும் முறை வேறு என்பதை முழுதாக விளங்கிக்கொள்ளலாம்.

தீப்பெட்டிக்குப் பழைய கணக்கு டஜனும் குரோசும்தான். 12 பெட்டி ஒரு டஜன், 12 டஜன் ஒரு குரோசு. 1934-இல் வந்த தீப்பெட்டித் தீர்வைச் சட்டமும் வரியைக் குரோசுக் கணக்கில்தான் விதித்தது. 600 பெட்டியை அப்படிப் பிரித்தால் 4 குரோசுக்கு 576 போகும். மிச்சம் 24, அதாவது 2 டஜன். உதிரி ஒன்றுமில்லை. குரோசு, டஜன், உதிரி என வரிசையாக எழுதினால் 420. இப்படிப் பன்னிரண்டு பன்னிரண்டாகச் சேர்த்து எழுதுவதுதான் பன்னிரண்டு அடிமானம்; அதில் அறுநூறு என்பது இதுதான்.

பத்து அடிமானத்தில் இந்த எண்ணுக்குக் கடைசியில் இரண்டு சுழி. பன்னிரண்டில் ஒன்றே ஒன்று. பெட்டிகள் குறையவில்லை, சுழி மட்டும் ஏன் குறைந்தது?

கடைசியில் ஒரு சுழி இருந்தால், அடிமானம் அந்த எண்ணை மீதியின்றி ஒருமுறை வகுக்கிறது என்று பொருள். இரண்டு சுழி என்றால் அடிமானத்தின் வர்க்கமே வகுக்கிறது. 600-ஐப் பகா எண்களாக உடைத்தால் மூன்று 2, ஒரு 3, இரண்டு 5 கிடைக்கும். ஒரு 10-க்கு ஒரு 2-உம் ஒரு 5-உம் தேவை. 5 இரண்டே இருப்பதால் இரண்டு 10 தேறும். ஒரு 12-க்கோ இரண்டு 2-உம் ஒரு 3-உம் தேவை. இருப்பது ஒரே 3. ஆகவே ஒரே சுழி.

அடிமானமே பகா எண்ணாக இருந்தால் இன்னும் தெளிவு. இரண்டு அடிமானத்தில் 600 என்பது 1001011000. முடிவில் மூன்று சுழி. மூன்றில் 211020, ஒன்று. ஐந்தில் 4400, இரண்டு. மூன்று, ஒன்று, இரண்டு: நாம் உடைத்தெடுத்த அதே கணக்கு. ஏழில் எழுதினால் 1515. சுழியே இல்லை, ஏனென்றால் 600-க்குள் 7 இல்லை.

ஆக, கடைசிச் சுழிகள் எண்ணுக்கு மட்டும் சொந்தமல்ல. எண்ணின் காரணிகளிலிருந்து அடிமானம் எத்தனை முறை முழுதாகத் தேறும் என்பதைத்தான் அவை சொல்கின்றன. காரணிகளோ எண்ணின் சொந்தச் சொத்து. எந்த அடிமானத்தில் எழுதினாலும் அவை மாறுவதில்லை.

இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் முறையும் சுழியைப் போல அடிமானத்தைப் பொறுத்ததுதான். பத்து அடிமானத்தில் அது 9-ஆல் வகுபடுமா என்று சொல்லும். பன்னிரண்டில் 11-க்குச் சொல்லும். காரணம் எளிது: 12-ஐயும் 144-ஐயும் 11-ஆல் வகுத்தால் மீதி 1. 420-இன் இலக்கக் கூட்டல் 6. 600-ஐ 11-ஆல் வகுத்தால் மீதியும் 6.

இப்போது பண்டலோடு ஒரு பெட்டியைச் சேருங்கள்: 601. இது பகா எண். 2 முதல் 600 வரை எந்த அடிமானத்தில் எழுதினாலும் இது சுழியில் முடியாது. 601-ஐயே அடிமானமாக வைத்தால்தான் முதன்முதலில் சுழி வரும். அப்போது அது 10 என்று எழுதப்படும். பகா எண்ணை இப்படியும் வரையறுக்கலாம்: ஒன்றைவிடப் பெரியதாக இருந்து, தன்னைவிடச் சிறிய எந்த அடிமானத்திலும் சுழியில் முடியாத எண்.