சட்டமும் விரதமும்

அறத்தைச் சட்டத்தால் நிலைநாட்ட இயலுமா? நாடாளுமன்றத்தின் முன் மசோதா ஒன்று வரும்போதெல்லாம் எழும் வினா இது. கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நாம் இதனை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

மாநிலங்களவையின் நியமன உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், விலங்குவதையைத் தடுக்க 1953-ஆம் ஆண்டில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கூறவே, அதனைத் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்திற்கு அம்மையாரே முதல் தலைவரானார்.

அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் படித்தால் நமக்கு வியப்பு உண்டாகும். அடித்தல், அளவிறந்த சுமை ஏற்றுதல், குறுகிய கயிற்றில் நெடுநேரம் பிணித்தல், உறுப்புச் சிதைத்தல், உணவும் நீரும் அளிக்காமை ஆகியவற்றை அது குற்றங்களாகக் கூறுகிறது. தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தாரின் அகிம்சை அணுவிரதத்திற்கு வகுத்த ஐந்து அதிசாரங்களும் இவையே அல்லவா?

ஆயினும் முதற் குற்றத்திற்கு அச்சட்டம் விதித்த தண்டம் 10 முதல் 50 ரூபாய் வரையே. இதனை உயர்த்தவும், விலங்கைக் கொல்வோர்க்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கவும் கருதி, 2022 நவம்பரில் மத்திய அரசு திருத்த வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது.

தண்டனைக்கு அஞ்சிக் காட்டும் இரக்கம் அறமாகாது என்பர் சிலர். உண்மையே. ஆசிரியர் நிற்கும்வரை அமைதி காக்கும் வகுப்பு ஒழுக்கம் கற்றதாகாது. அவர் வெளியேறிய பின்பே அது விளங்கும். ஆனால் வலியவன் எளியவனை அடிக்கும்போது, அவன் உள்ளம் திருந்தட்டும் என்று எந்த ஆசிரியரும் காத்திருப்பதில்லை. முதலில் கையைத் தடுப்பார். அஞ்சி அடிக்காதவனுக்குப் புண்ணியம் இல்லாதிருக்கலாம். அடிபடாத மாட்டிற்கு வலி இல்லை. சட்டம் வாயில்லா உயிருக்காக. விரதம் நம் உயிருக்காக. ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது.

ஆகவே இத்தகைய வரைவுகள் வெளிவருங்கால், அவற்றைப் படித்து அஞ்சலட்டையிலேனும் நம் கருத்தைத் தெரிவிப்போம். அத்துடன் நம் இல்லங்களையும் நோக்குவோம். கன்றுக்குரிய பாலை முற்றும் கறந்துகொள்வதும் உணவு மறுத்தலே. திருவண்ணாமலைத் தீபத் திருவிழா மாட்டுச் சந்தையில் வாங்கிய காளைகளை, நிற்க இடமின்றி லாரியில் நெருக்கி ஏற்றுவதும் வதையே. அங்கே காவலர் இல்லாதிருக்கலாம். நம் விரதம் இருக்கவேண்டும்.