ப்ளேடை எடு, லென்ஸைத் துடை!

“தெரியுதா?”

“தெரியுது சார்.”

பள்ளி ஆய்வகத்தில் நம்மில் பெரும்பாலோர் கூசாமல் சொன்ன பொய் இது. வரிசையில் நின்றோம். முன்னால் நின்றவன் நகர்ந்ததும் ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு மைக்ரோஸ்கோப்பின் மேல் குனிந்தோம். வெளிச்சமாக ஒரு வட்டம், அதற்குள் நம் இமை மயிரின் நிழல். அவ்வளவுதான் தெரிந்தது. பின்னால் நின்றவன் முதுகில் இடித்தான். “எதையும் தொடாம பாரு” என்றது ஒரு குரல். தெரியுது என்று சொல்லிவிட்டு நகர்ந்தோம். அன்று மாலை புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் வரைந்தோம். கையெழுத்தும் கிடைத்தது.

அந்தப் பொய் ஆய்வகத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அது நம்மோடு வளர்ந்தது. வேலையில் மேலதிகாரி விளக்கியது புரியாதபோதும் தலையாட்ட வைத்தது. கடன் பத்திரத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட வைத்தது. ‘எனக்குத் தெரியவில்லை, இன்னொரு முறை பார்க்கிறேன்’ என்று சொல்லும் திராணியைப் பன்னிரண்டு வயதிலேயே பறிகொடுத்துவிட்டு, முப்பது வயதில் தன்னம்பிக்கையைத் தேடி அலைகிறோம். ‘என்னால் முடியும்’ என்று சுவர் நிறைய எழுதி ஒட்டினாலும் அது வராது. கெட்டுப்போன ஒரு கருவியை நீயே திறந்து, அழுக்கு எங்கே இருக்கிறது என்று நீயே கண்டுபிடித்துத் துடைத்து, உன் கையால் சீவிய இலையை அதன் அடியில் வைத்துத் திருகைத் திருப்பும்போது, மங்கலுக்குள்ளிருந்து ஒரு செல்லின் சுவர் ‘சட்’டென்று கூர்மையாகும். அந்த நொடியில் வருகிற தெம்பை எந்த மேடைப் பேச்சாளராலும் தர முடியாது.

தம்பி, தங்கையே! ‘அதற்கெல்லாம் படிப்பு வேண்டும்’ என்று ஆரம்பிக்காதே. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் துணிக்கடை வைத்திருந்த ஆன்டனி வான் லீவன்ஹூக் பல்கலைக்கழகத்தில் படித்தவர் இல்லை. அக்கால அறிஞர்களின் மொழியான லத்தீன் அவருக்குத் தெரியாது; அவருக்கு வந்தது தாய்மொழியான டச்சு மட்டும். ஜவுளி வியாபாரிகள் துணியின் இழையைச் சோதிக்க லென்ஸ் வைத்துப் பார்ப்பது வழக்கம். அவர் அதோடு நிற்கவில்லை. தானே மிகச் சிறிய லென்ஸ்கள் செய்து, உலோகத் தகடுகளுக்கு நடுவே பொருத்திக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். இன்றும் மிஞ்சியிருக்கும் அவருடைய கருவிகளில் ஒன்று சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. ஒற்றை லென்ஸ்!

தண்ணீரில் உயிர்கள் நீந்துவதைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அங்கே சந்தேகப்பட்டார்கள். அவர் கூனிக் குறுகவில்லை. ஊர்ப் பெரியவர்களை அழைத்துக் காட்டி, ‘நாங்களும் கண்டோம்’ என்று சான்று எழுதி வாங்கி அனுப்பினார். 1677இல் அந்தச் சங்கத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹூக் தானே முயன்று பார்த்தார். டெல்ஃப்ட் துணிக்கடைக்காரர் சொன்னது உண்மை என்று ஆனது. 1680இல் அதே சங்கம் அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. 1683இல் தன் பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டி எடுத்து, அதில் துள்ளிய பாக்டீரியாக்களை வரைந்து அனுப்பினார். பட்டம் யாரும் தரவில்லை, பார்வை இருந்தது. தான் பார்த்ததில் நின்றார்.

அடுத்து நீ சொல்லப்போவது பணம் இல்லை என்பது. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷும் ஜிம் சைபல்ஸ்கியும் 2014இல் உலகுக்கு அறிவித்த ஃபோல்ட்ஸ்கோப்பைக் கேள்விப்பட்டிருக்கிறாயா? காகிதத்தை மடித்துச் செய்யும் மைக்ரோஸ்கோப். உதிரிப் பொருள்களின் விலை ஒரு டாலருக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தோடு வடிவமைத்தார்கள். அதுவும் வேண்டாம் என்றால், கல்லூரிகளும் பரிசோதனைக்கூடங்களும் கழித்துவிட்ட பழைய மைக்ரோஸ்கோப்புகள் ஏலத்திலும் பழைய சாமான் கடையிலும் கிடக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றைத்தான் நான் சிபாரிசு செய்வேன். கெட்டுப்போனதாக இருந்தால் இன்னும் நல்லது. ‘2000 மடங்கு’ என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்த பொம்மையைக் கண்டு ஏங்காதே. எத்தனை மடங்கு பெரிதாகிறது என்பது பெரிய விஷயமே அல்ல. எவ்வளவு நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டுகிறது என்பதே விஷயம். அதற்கு ஒளியே எல்லை போட்டிருக்கிறது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873இலேயே காட்டிவிட்டார். ‘40/0.65’ என்று பொறித்த சாதாரணக் கல்லூரி லென்ஸ் ஏறத்தாழ 0.4 மைக்ரான் இடைவெளியைப் பிரித்துவிடும். இலையின் கதை முழுவதையும் படிக்க அது தாராளம்.

சரி, பழைய கருவி கைக்கு வந்துவிட்டது. படம் மங்கல். ‘போச்சு, லென்ஸ் அவுட்’ என்பார்கள் சுற்றி நிற்பவர்கள். நம்பாதே, விசாரி. பார்த்துக்கொண்டே கண்ணருகு லென்ஸை மெல்லச் சுழற்று. புள்ளிகளும் கூடவே சுழன்றால் அழுக்கு அங்கே. ஸ்லைடை நகர்த்து, புள்ளிகள் நகர்ந்தால் ஸ்லைடில். இரண்டும் இல்லாமல் படம் முழுக்கப் பால் படிந்ததுபோல் வெளிறியிருந்தால் பெரும்பாலும் குற்றவாளி பொருளருகு லென்ஸ்தான், அதிலும் 40 மடங்கு லென்ஸ். அது ஸ்லைடுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் நிற்பது; வருடக்கணக்கில் மாணவர்கள் அதைக் கிளிசரினிலும் சாயத்திலும் முக்கி எடுத்திருப்பார்கள். அதைக் கழற்று. கண்ணருகு லென்ஸை உருவி, தலைகீழாகப் பிடித்து, அதன் வழியே பொருளருகு லென்ஸின் நுனியைப் பார். அருமையான உருப்பெருக்கி அது. காய்ந்த கறை பளிச்சென்று தெரியும்.

வேட்டி முனையால் துடைக்காதே, கைக்குட்டையாலும் வேண்டாம். முதலில் ரப்பர்க் குமிழால் ஊதித் தூசியை அகற்று. தூசியோடு தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும், அதை யாராலும் மாற்ற முடியாது. பிறகு லென்ஸ் துடைக்கும் தாளை ஒரு குச்சியின் முனையில் சுற்றி, சுத்தமான தண்ணீரில் லேசாக நனைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுழற்றி எடு. போகவில்லையா? அதே தாளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு. லென்ஸை எதிலும் ஊறப்போடாதே. உள்ளே கண்ணாடிகளை ஒட்டிவைத்திருக்கும் பசை கரைந்துவிடும். இரட்டைக் கண் கருவியின் தலைக்குள் இருக்கும் பிரிசங்களையும் கலைக்காதே. எங்கே கை வைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வதும் இந்தக் கல்வியில் ஒரு பாடம். ஆனால் அதைக் காரணம் தெரிந்து ஏற்றுக்கொள். யாரோ அதட்டினார்கள் என்பதற்காக அல்ல.

திருகு அசைய மறுக்கிறதா? பலம் காட்டாதே, பல் உடையும். பல வருடக் கிரீஸ் இறுகிப் பிசுக்கேறியிருக்கும். ஜன்னலைத் திறந்து வை, பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. ஆல்கஹால் நனைத்த பஞ்சால் பொறுமையாகக் கரைத்து எடுத்துவிட்டு, லித்தியம் கிரீஸ் ஒரு பூச்சு போதும். தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ வேண்டாம். முதலாவது பிசுபிசுக்கும், இரண்டாவது வழுக்கி, ஸ்லைடு வைக்கும் மேடையைத் தானாகக் கீழே இறங்க வைக்கும். விளக்கு எரியவில்லை என்றால் கண்ணாடியும் மேசை விளக்கும் போதும். கண்ணாடியை நேராகச் சூரியனை நோக்கி மட்டும் திருப்பாதே, கண் போய்விடும். பொருளருகு லென்ஸே தொலைந்திருந்தாலும் கவலையில்லை. லண்டன் ராயல் மைக்ரோஸ்கோப்பிக்கல் சொசைட்டி 19ஆம் நூற்றாண்டில் வகுத்துத் தந்த மரை அளவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நூறு வருடப் பித்தளைக் கருவியில், அம்பாலாவில் செய்த இன்றைய லென்ஸை முடுக்கலாம். முன்பின் அறியாத கைகள் உனக்காக இப்படி ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கும்போது, வாசலில் நின்று தயங்குவது என்ன நியாயம்?

இப்போது இலை. நாற்கரச் சாலையின் நடுத்திட்டில், தாரின் அனலையும் லாரிப் புகையையும் தின்றுகொண்டு பூத்து நிற்கும் அரளியைப் பார்த்திருப்பாய். மே மாத வெயிலில் அது எப்படிப் பிழைக்கிறது? கூகுளைக் கேட்காதே. இலையையே கேள். முற்றிய இலை ஒன்றைப் பறி. அரளி முழுவதும் நஞ்சு. பால் கண்ணில் வாயில் படக் கூடாது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு. நடுநரம்போடு சேர்த்துச் சிறு துண்டு நறுக்கி, கேரட்டை நெடுகப் பிளந்து அதன் நடுவே செருகு. புது ஷேவிங் ப்ளேடு. ப்ளேடும் கேரட்டும் ஈரமாக இருக்கட்டும். அழுத்தாதே, அறுக்காதே, ஒரே இழுப்பில் சீவு. ஒன்றல்ல, நிறையச் சீவித் தண்ணீரில் விழவிடு. முழு இலையும் ஒரே கனத்தில் வர வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடு. ஆப்பு மாதிரிச் சரிந்து, ஓரத்தில் ஒரு செல் கனத்துக்கு மெலிந்த சீவல் ஒன்று கிடைத்தால் வெற்றி உனக்கு. கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் அந்தத் துணுக்குத்தான் லென்ஸின் கீழ் எல்லாவற்றையும் சொல்லும்.

ஈர ப்ரஷ்ஷால் அதைத் தூக்கி, ஒரு சதவீத சஃப்ரனின் கரைசலில் ஒரு நிமிடம் போல் விடு. தண்ணீரில் அலசு. ஸ்லைடில் ஒரு சொட்டு கிளிசரின், அதில் சீவல். கவர்ஸ்லிப்பின் ஒரு விளிம்பைச் சாய்த்து ஊன்றி, மறு விளிம்பை ஊசியால் தாங்கி மெல்ல இறக்கு. தடித்த கறுப்பு விளிம்போடு உருண்டையாகத் தெரிபவை செல்கள் அல்ல, காற்றுக் குமிழிகள். அவற்றைக் கண்டு ஏமாறாதே. குறைந்த மடங்கு லென்ஸில் தொடங்கு. திருகு உன் கையில். யாரும் பின்னால் இடிக்கவில்லை, மணி அடிக்கப்போவதில்லை.

மேலே தடித்த மெழுகுப் படலம். அதன் கீழே ஒற்றை அடுக்காக இல்லாமல் அடுக்கடுக்காகப் புறத்தோல். கீழ்ப்பக்கம் வா. இலை உள்வாங்கிக் குழிகள் விட்டிருக்கும். குழிக்குள் மயிர்கள். அந்த மயிர்களின் மறைவில்தான் இலைத்துளைகள். வெளியே அனல்காற்று அடிக்க, குழிக்குள் தேங்கிய ஈரக்காற்று நீர் வேகமாகப் பறிபோகாமல் காக்கிறது. நடுத்திட்டு அரளி எப்படிப் பிழைக்கிறது என்று நீ கேட்ட கேள்விக்கு விடை உன் கண்முன். எவரும் சொல்லி நீ நம்பியது அல்ல இது. உன் ப்ளேடு சீவியது, உன் சாயம் ஏறியது, உன் கண் கண்டது. இனி ஆயிரம் பேர் வந்து மறுத்தாலும் நீ அசைய மாட்டாய். அந்த அசையாமை திமிர் அல்ல, உழைத்துச் சேர்த்த சொத்து.

ஒன்றோடு நிறுத்துவாயா? சேப்பங்கிழங்கைச் சுரண்டி ஒரு சொட்டு நீரில் வைத்துப் பார்: தீப்பெட்டிக்குள் குச்சிகள்போல் கட்டுக்கட்டாகக் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். சின்ன வயதில் தொண்டை அரித்துத் துடித்தாயே, அதற்கு அவைதான் காரணம். குளத்து ஹைட்ரில்லாவின் ஓர் இலையை அப்படியே நீரில் வை, சீவக்கூட வேண்டாம். பசுங்கணிகங்கள் செல்லின் ஓரமாக ஊர்ந்து சுற்றுவதைக் காணலாம். பிறகு துணிந்து வெங்காய வேர்நுனிக்குப் போ. அதற்கு அமிலமும் அசிட்டோகார்மைன் சாயமும் வேண்டும் என்பதால், கல்லூரி ஆசிரியர் ஒருவரின் துணையோடு செய். பிரியும் செல்களில் 16 குரோமோசோம்கள், எண்ணிப் பார்.

அந்த எண்ணிக்கை விளையாட்டு என்று நினைத்துவிடாதே. தலச்சேரியில் 1897இல் பிறந்து, சென்னை ராணிமேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த ஜானகி அம்மாள், மைக்ரோஸ்கோப்பின் முன் குனிந்து குரோமோசோம்களை எண்ணியே உலகம் அறிந்த விஞ்ஞானி ஆனார். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களோடு மல்லுக்கட்டினார். பிரிட்டிஷ் மரபியலாளர் சி.டி.டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் அவர் வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை, உலகெங்கும் தாவரவியலாளர்களின் மேசைக்குப் போனது. பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அரிதாக இருந்த காலம் அது. எத்தனை ‘கூடாது’களை அவர் கேட்டிருப்பார்! கண்ணை லென்ஸிலிருந்து எடுத்து அவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த அட்டவணை வந்திருக்குமா?

நீ கண்டதைக் கூரான பென்சிலால் வரை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வரை. பாடப்படத்தில் இருக்கும் செல் உன் சீவலில் இல்லையென்றால் அதை வரையாதே. உன் சீவலில் இருக்கும் கிழிசல் பாடப்படத்தில் இல்லையென்றாலும் அதை வரைந்தே ஆக வேண்டும். இந்த நேர்மைக்குப் பழகிய கை பிறகு எந்தப் படிவத்திலும் பொய்யாகக் கையெழுத்திடத் தயங்கும்.

அரளி முடிந்ததும் எருக்கு. எருக்கு முடிந்ததும் குப்பைமேனி, நாயுருவி, ஆவாரை, உன் தெருவோரத்தில் பெயர் தெரியாமல் முளைத்திருக்கும் ஏதோ ஒன்று. பாடப்புத்தகத்தில் படம் இல்லாத செடிதான் உனக்கு உண்மையான தேர்வு. காப்பியடிக்க அங்கே ஒன்றுமே இல்லை. நன்றாக வந்த சீவலை வீணாக்காதே. கிளிசரின் கசிந்திருந்தால் ஒற்றியெடுத்து, கவர்ஸ்லிப்பின் நான்கு ஓரங்களையும் நகப்பூச்சால் அடைத்துவிடு. ஸ்லைடின் ஒரு முனையில் சிறு தாளை ஒட்டு. செடியின் பெயர், எந்தப் பாகம், எந்தச் சாயம், பறித்த இடம், தேதி. கடைசி வரியில் சீவியவர் பெயர். கூச்சப்படாமல் உன் பெயரைத் தெளிவாக எழுது. அடுத்த ஸ்லைடைத் துடைத்து வை.